சுவர் ரேக்கா, தரை ரேக்கா?

நெட்வொர்க் கருவிகளை அடுக்கி மாட்டும் அலமாரிதான் ரேக். அதில் வைக்க நெட்வொர்க் ஸ்விட்ச், பேட்ச் பேனல் (கேபிள்கள் வந்து சேரும் பலகை), ரூட்டர், கேமரா ரெக்கார்டர் மட்டும்தான் என்றால் சுவரில் மாட்டும் 9யூ ரேக் போதும். ஒரு யூ என்பது 44.45 மில்லிமீட்டர் உயரம். கருவி மாட்டும் அகலம் சுவர் ரேக், தரை ரேக் இரண்டிலும் அதே 19 அங்குலம்தான், வித்தியாசம் ஆழத்தில். சுவர் ரேக்குகள் பெரும்பாலும் 450 முதல் 600 மில்லிமீட்டர். ரேக் சர்வர்கள் பலவும் 700ஐத் தாண்டிவிடும். அதனால் சர்வர் வாங்கும் எண்ணம் இருந்தால் பேச்சே இல்லை, 1000 மில்லிமீட்டர் ஆழமுள்ள தரை ரேக்தான். கனமான யூபிஎஸ்ஸுக்கும் அதன் அடித்தட்டே சரியான இடம்.

சுவர் ரேக்கில் உண்மையான சிக்கல் சுவர்தான். கான்கிரீட்டும் கெட்டியான செங்கல்லும் ஆங்கர் போல்ட்டை நன்றாகப் பிடிக்கும். ஜிப்சம் தடுப்பில் பலகையை மட்டும் நம்பி மாட்டினால் என்றைக்காவது பெயர்ந்து வரும். பின்னால் உள்ள சட்டத்தில் திருக வேண்டும். இன்னொன்று, பின்பக்கம் கை போகாது. கீலில் திரும்பி முன்னால் வரும் இரட்டைப் பகுதி மாடல் விலை கூடுதல், ஆனாலும் நான் அதைத்தான் வாங்குவேன்.

தரை ரேக்குக்கு முன்னும் பின்னும் ஆள் நிற்க இடம் விடுங்கள். 42யூ ரேக் ஏறக்குறைய 2 மீட்டர் உயரம். அப்புறம், வாங்கும் முன் வாசல் நிலையை அளந்துவிடுங்கள்.