மூன்று பந்து ஸ்பைரோமீட்டர்: காசநோய் குணமான நுரையீரலுக்கு எவ்வளவு உதவும்?

ஆறு மாத மாத்திரைகளை முடித்து, சளியில் கிருமி இல்லை என்ற அறிக்கையும் கைக்கு வந்த பிறகும், எங்கள் வீட்டு இரண்டாம் மாடிக்கு ஏறும்போது நடுவில் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அதைக் கேட்ட மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததுதான் இந்தக் கருவி. 350 ரூபாய் கொடுத்து வாங்கி, நான்கு மாதங்களாக நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். ஆகவே இதன் நிறைகுறைகளை ஓரளவு நிதானமாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் அருகருகே மூன்று அறைகள், அறைக்கு ஒரு பந்து, பக்கத்தில் மடிப்பு மடிப்பான குழாய், அதன் நுனியில் வாயில் கவ்வும் பகுதி. அறைகளின் மேல் 600, 900, 1200 என்று அச்சிட்டிருக்கிறது. இவை நுரையீரலின் கொள்ளளவு அல்ல. ஒரு நொடிக்கு எத்தனை மில்லிலிட்டர் வேகத்தில் காற்றை உள்ளே இழுக்கிறோம் என்பதையே இவை குறிக்கின்றன. பெட்டியிலிருந்த தாளில் இது புரியும்படி எழுதப்படவில்லை. முதல் இரண்டு நாட்கள் பலூன் ஊதுவதைப் போல முகம் சிவக்க ஊதினேன். பந்து அசையவே இல்லை. நுரையீரலே போய்விட்டதோ என்று கலங்கிய பிறகுதான், ஊதக் கூடாது, இழுக்க வேண்டும் என்பது தெரிந்தது.

இழுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வெடுக்கென்று இழுத்தால் மூன்று பந்துகளும் ஒரு கணம் டக்கென்று மேலே மோதி விழுந்துவிடும். பார்ப்பதற்குப் பெருமையாக இருக்குமே தவிர, பயன் குறைவு. மூச்சை முழுவதும் விட்டுவிட்டு, மெதுவாகவும் சீராகவும் இழுத்து, மூன்றாவது பந்து கீழேயே இருக்க முதல் இரண்டையும் இரண்டு மூன்று நொடிகள் மேலே நிறுத்துவதுதான் கடினமான பயிற்சி. தொடர்ந்து பலமுறை செய்தால் தலை சுற்றும். ஆகையால் இடையிடையே சாதாரணமாக மூச்சு விட்டுக்கொள்ள வேண்டும்.

என்னுடைய முக்கியமான குறை கருவியின் பெயரைப் பற்றியது. மருத்துவமனையில் நுரையீரலின் செயல்திறனை அளக்கும் இயந்திரத்துக்கும் ஸ்பைரோமீட்டர் என்றே பெயர் இருப்பதால், மூன்றாவது பந்து ஏறிய அன்று வீட்டில் எல்லோரும் "லங்ஸ் நார்மலாகிவிட்டது" என்று முடிவு செய்துவிட்டார்கள். உண்மையில் இந்தக் கருவி நுரையீரலின் செயல்திறனை அளப்பதில்லை. காசநோய் ஆறும்போது விட்டுச்செல்லும் தழும்புகள் மூச்சுக்குழல்களை நெரித்தும் கோணலாக்கியும் விடுவதால், பலருக்குக் காற்றை வெளியே விடுவதுதான் சிரமமாகிறது. வேறு சிலருக்கு நுரையீரல் சுருங்கிப்போய் உள்ளே கொள்ளும் காற்றே குறைகிறது. இரண்டும் சேர்ந்தும் வரலாம். உள்ளிழுப்பதற்கு மட்டுமே பயிற்சி தரும் ஒரு கருவி இவற்றில் எது நமக்கு நேர்ந்திருக்கிறது என்று எப்படிச் சொல்லும்?

அதைச் சொன்னது அரசு மருத்துவமனையின் நெஞ்சுநோய்ப் பிரிவில் எடுத்த பரிசோதனை. மூக்கில் கிளிப் மாட்டி, மூச்சை முழுவதும் இழுத்து, "விடுங்க, விடுங்க, இன்னும் விடுங்க" என்று அங்கிருந்த பணியாளர் உரக்கச் சொல்லச் சொல்ல ஆறு நொடிகளுக்குமேல் ஊதச் செய்தார்கள். மூன்று முறை ஊதிய பிறகு மூச்சுக்குழல்களை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்து, 15 நிமிடங்கள் கழித்து மறுபடியும் ஊதச் சொன்னார்கள். முழுமூச்சில் வெளியேறும் காற்றில் முதல் நொடியிலேயே வெளிவரும் பங்கு எனக்கு 0.62 என்று வந்தது, 0.70-க்குக் குறைந்தால் மூச்சுக்குழல்களில் அடைப்பு என்று பொதுவாகக் கொள்கிறார்கள். பந்துகள் மூன்றும் ஏறிக்கொண்டிருந்த அதே வாரத்தில் வந்த அறிக்கை இது. சிகிச்சை முடிந்தபின் 6, 12, 18, 24 ஆம் மாதங்களில் மறுபரிசோதனைக்கு அழைக்க வேண்டும் என்பது நம் காசநோய்த் திட்டத்தின் விதிமுறை. அந்த நாட்களில் இருமலை மட்டும் சொல்லாமல் மூச்சிரைப்பையும் சொல்லி, இந்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுவது நல்லது.

இதனால் கருவி வீண் என்று சொல்லவில்லை. ஆழமாக மூச்சிழுக்கும் பழக்கம் எனக்கு இதனால்தான் வந்தது. இழுத்து முடித்ததும் இறுகிய சளி இளகி வெளிவருவதும் உண்டு. ஆனால் படியேறும் தெம்பைக் கொடுத்தது, இயன்முறை மருத்துவர் சொன்னபடி மாலையில் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி நடந்த நடையும் மருத்துவர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரும்தான் என்பது என் கணிப்பு. சளியில் இரத்தம் காண்பவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் இதைத் தொடவே கூடாது. ஒருவர் வாயில் வைத்ததை மற்றவர் பயன்படுத்துவதும் கூடாது. எங்கள் வீட்டுப் பேரனிடமிருந்து இதைக் காப்பாற்றுவதே தனி வேலையாக இருக்கிறது.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுப்பேன். பந்துகளும் அறைகளும் இன்னும் புதிதுபோலவே இருக்கின்றன. குழாய்தான் பொருத்தும் இடத்தில் தளர்ந்து, காற்றுக் கசியத் தொடங்கிவிட்டது. அதை மட்டும் தனியாக வாங்க மூன்று கடைகளில் கேட்டுப் பார்த்தேன். முழுக் கருவியாகத்தான் கிடைக்கும் என்றார்கள்.