மதர்போர்டு மாற்றிய மடிக்கணினியும் விண்டோஸ் ஆக்டிவேஷன் டிரபிள்ஷூட்டரும்

மதர்போர்டு பழுதாகி, சர்வீஸ் கடையில் வேறொன்றைப் பொருத்தி வாங்கிவந்த என் மடிக்கணினியை இயக்கியதும், விண்டோஸை ஆக்டிவேட் செய்யுமாறு திரையின் கீழ் மூலையில் மங்கிய எழுத்துகள் தோன்றின. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் என்று சென்று பார்த்தால், எஃப்211 என்று முடியும் பிழை எண் இருந்தது. வன்பொருள் மாறியிருக்கிறது என்பதே அதன் பொருள். புதிய உரிமம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். அதற்கு முன் அதே பக்கத்திலிருந்த, ஆக்டிவேஷன் சிக்கலைக் கண்டறிந்து தீர்க்கும் டிரபிள்ஷூட்டரை முயன்று பார்த்தேன்.

2016 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பில் அறிமுகமான இக்கருவி, ஆக்டிவேஷன் செயலற்றுப் போனால் மட்டுமே கண்ணில் படும். டிஜிட்டல் உரிமம் என்பது நாம் 25 எழுத்துச் சாவியைத் தட்டச்சு செய்யத் தேவையில்லாமல், கணினியின் வன்பொருள் அடையாளத்தோடு பிணைந்திருப்பது. அந்த அடையாளத்தில் மதர்போர்டுக்கே முதன்மையான இடம் என்பதால், அதை மாற்றிய பின் அதே மடிக்கணினி, உரிமத்தைச் சரிபார்க்கும் மைக்ரோசாஃப்ட் சர்வருக்குப் புதிய கணினியாகத் தெரிகிறது. நிர்வாகி உரிமையுள்ள கணக்கில் நுழைந்து, டிரபிள்ஷூட்டரை இயக்கி, வன்பொருளை அண்மையில் மாற்றியதாகக் குறிப்பிடும் தெரிவை அழுத்தினேன். மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டது. அக்கணக்கில் இணைந்த கணினிகளின் பட்டியலில் என் மடிக்கணினியின் பழைய பெயரைத் தேர்ந்தெடுத்து, இப்போது பயன்படுத்துவது இதைத்தான் என்று உறுதி செய்ததும், சில நொடிகளில் உரிமம் திரும்பிவிட்டது. ஒரு ரூபாய் செலவில்லை.

இது கைகொடுத்ததற்குக் காரணம், பழுதாவதற்கு முன்பே உரிமத்தை என் கணக்கோடு இணைத்து வைத்திருந்ததுதான். இணைக்காதவருக்கு அப்பட்டியலில் தேர்ந்தெடுக்க எதுவும் இராது. மதர்போர்டு போன பிறகு இணைக்கவும் வழியில்லை. எனவே மடிக்கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் எவரும், அது இயங்கும் நிலையில் இருந்தால், ஆக்டிவேஷன் பக்கத்தில் உரிமம் கணக்கோடு இணைந்திருப்பதாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே கொடுக்க வேண்டும். கணினிக்கு நாமே ஒரு பெயர் சூட்டுவதும் நல்லது. நிறுவும்போது தானாக அமையும் எழுத்துக்கோவைப் பெயர்கள் நான்கைந்து பட்டியலில் இருந்தால், நம்முடையது எது என்று அறிவது கடினம். ஹோம், புரோ என்ற பதிப்பும் முன்பிருந்ததாகவே இருக்க வேண்டும். இப்படி உரிமத்தை மீட்பதற்கு இத்தனை முறைதான் என்ற வரம்பும் உண்டு.

என் தம்பி வாங்கிய பழைய மடிக்கணினியில் இக்கருவி சிறிதும் பயன்படவில்லை. விற்றவர் அதில் என்டர்பிரைஸ் பதிப்பை நிறுவியிருந்தார். சில மாதங்களில் எஃப்074 என்று முடியும் பிழை வந்தது. நிறுவனங்களுக்கான அத்தகைய உரிமம், அந்நிறுவனத்தின் வலையமைப்பில் உள்ள, கேஎம்எஸ் எனப்படும் உரிமச் சர்வரைத் தொடர்பு கொண்டு 180 நாள்களுக்கு மட்டும் செல்லுபடியாவது. அந்தச் சர்வர் எட்டாத வீட்டில் அது காலாவதியாகியே தீரும். பழைய கணினி வாங்குவோர், பணம் கொடுக்கும் முன், விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர் என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் இட்டு, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் எக்ஸ்பிஆர் சேர்த்து இயக்கிப் பார்க்க வேண்டும். நிரந்தர உரிமமா, காலாவதித் தேதி உள்ளதா என்று ஒரு சிறு பெட்டி காட்டிவிடும்.

தம்பியின் சிக்கல் வேறு வழியில் தீர்ந்தது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தது முதல், தயாரிப்பாளர்கள் விண்டோஸுடன் விற்கும் கணினிகளில் உரிமச் சாவியை மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே, அதாவது அதனுள் நிலையாக இருக்கும் மென்பொருளிலேயே, பதித்து அனுப்புகிறார்கள். அவன் கணினியில் புரோ பதிப்பின் சாவி அப்படியே இருந்தது. கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்துக்கொண்டு, புரோ பதிப்பைப் புதிதாக நிறுவி இணையத்தில் இணைத்ததும், எதையும் கேட்காமல் ஆக்டிவேட் ஆனது.