காட்சர் கணவாய் ட்ரெக்: கூட்டிப்போன குழுவுக்கு என் மதிப்பெண்

சோனமார்க்கில் ஏறி நாரானாக்கில் இறங்கும் காஷ்மீர் கிரேட் லேக்ஸ் ட்ரெக்கை ஜூலைக் கடைசியில் உள்ளூர்க் குழு ஒன்றோடு முடித்துவிட்டு வந்தோம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மலைக்கு முழு மதிப்பெண், கைடுக்கு முழு மதிப்பெண், சமையலுக்கு எண்பது சதவீதம், வாடகைக்குக் கொடுத்த சாமான்களுக்குப் பாதிகூடத் தர மாட்டேன். குழுவின் பெயரைப் போடவில்லை. ஒரே குழுவில் கைடு மாறினால் மொத்த அனுபவமும் மாறிவிடும், அதனால் யாரோடு போனாலும் என்னென்ன கேட்டுப் பணம் கட்ட வேண்டும் என்று எழுதுவதுதான் உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

பாதையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஸ்ரீநகரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் சோனமார்க். அதுவே 2,700 மீட்டருக்கு மேல், அதாவது நம் தொட்டபெட்டாவின் உச்சியைவிட உயரம், நடையே அங்கிருந்துதான் ஆரம்பம். நிச்னாய் கணவாய் முதலில், அதைத் தாண்டினால் விஷன்சர், கிஷன்சர் ஏரிகள், அப்புறம் காட்சர் கணவாய், அதுதான் இந்தப் பாதையில் ஆக உயரம், ஏறக்குறைய 4,200 மீட்டர். அதற்கு அந்தப் பக்கம் காட்சர் ஏரி, சத்சர், இன்னொரு கணவாய், ஹர்முக் மலையடியில் கங்காபல், நுந்த்கோல், கடைசியில் நாரானாக். எழுபது கிலோமீட்டருக்குக் குறையாத நடை. வடக்கே மலைத்தொடரைத் தாண்டினால் குரேஸ் பள்ளத்தாக்கு, அதற்கப்பால் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு. விஷன்சர் தண்ணீர் கிஷன்கங்காவில் சேர்ந்து அந்தக் கோட்டைக் கடந்து பாகிஸ்தான் வசமுள்ள பகுதிக்குள் போகிறது. அதனால்தான் நடுக்காட்டில் ராணுவ முகாம், அடையாள அட்டை சோதனை எல்லாம்.

இந்தப் பாதையில் ஒரு சிக்கல் இருக்கிறது, விளம்பரப் படங்களில் அது தெரியாது. நிச்னாய் கணவாயைத் தாண்டி விஷன்சருக்கு வந்தபின் உடம்பு முடியவில்லை என்றால் இறங்கிப் போக நேர் வழி கிடையாது, மறுபடி நிச்னாயை ஏறித்தான் சோனமார்க் போக வேண்டும். காட்சரையும் தாண்டிவிட்டால் முன்னாலும் கணவாய், பின்னாலும் கணவாய். ஆகவே யார் மேலே வரலாம், யார் திரும்ப வேண்டும் என்பதை நிச்னாய்க்கு முந்தைய முகாமிலேயே முடிவெடுக்கத் தெரிந்த கைடு வேண்டும். எங்கள் கைடுக்குத் தெரிந்திருந்தது. அன்று சாயங்காலம் டென்ட் டென்டாக வந்து விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்த்தார், எண்ணைக் குறித்துக்கொண்டு போய்விடாமல் தலைவலி உண்டா, சாப்பாடு இறங்கியதா, எத்தனை முறை சிறுநீர் போனது என்று ஒவ்வொருவரையும் உட்கார வைத்துக் கேட்டார். எங்களோடு வந்த ஒரு இளைஞருக்குத் தலைவலியும் வாந்தியும். ராத்திரி முழுக்கப் பொறுத்துப் பார்த்துவிட்டு, காலையிலும் சரியாகவில்லை என்றதும் ஒரு குதிரைக்காரரைத் துணை சேர்த்துக் கீழே அனுப்பிவிட்டார். அந்தத் தம்பி கெஞ்சினார், பணம் கட்டியிருக்கிறேன் என்றார், உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொள்கிறேன் என்றார். கைடு குரலை உயர்த்தவே இல்லை, ஆனால் அசையவும் இல்லை. நான் கொடுத்த பணம் முழுக்க அந்த ஒரு காலைப்பொழுதுக்கே தகும் என்பேன்.

காட்சர் கணவாய் ஏறும் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விடியும் முன்பே எழுப்பிவிட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் மேகம் கூடி மழையோ ஆலங்கட்டியோ கொட்டுவது இங்கே சகஜம், உச்சியை அதற்குமுன் தாண்டியாக வேண்டும் என்பது கைடின் கணக்கு. கிஷன்சர் கரையைத் தாண்டியதும் பாதை சட்டென்று செங்குத்தாகிவிடுகிறது. ஒரு பாதம் வைக்கிற அகலம், வளைந்து வளைந்து ஏறுகிற மண்பாதை, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் நேராக ஏரி. அதே பாதையில்தான் சாமான் ஏற்றிய குதிரைகளும் வரும். மணிச்சத்தம் கேட்டவுடனே எல்லாரையும் மலைச்சுவர் பக்கமாக ஒண்டச் சொன்னார், ஊன்றுகோலை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொன்னார். ஏரிப் பக்கம் நின்றால் குதிரையின் மூட்டை இடித்தே ஆள் உருண்டுவிடலாம். கணவாயின் மேல்பகுதியில் இன்னும் பனி கிடந்தது, காலை வெயில் படாததால் கெட்டியாக வழுக்கியது. கைடு முன்னால் போய் ஷூ முனையால் உதைத்து உதைத்துப் படி வெட்டினார், அந்தக் குழிகளில் மட்டும் காலை வைத்து நாங்கள் ஏறினோம். உதவியாளர் கடைசியில், யாருக்கும் பின்னால் ஒருவர் இல்லாமல் இருக்கவே இல்லை. பத்து அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தால் கீழே விஷன்சரும் கிஷன்சரும் ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒன்று பச்சை கலந்த நீலம், மற்றது கருநீலம். அந்தக் காட்சிக்காகவே மறுபடி ஏறுவேன்.

உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. ரொம்ப நேரம் நிற்க விடவில்லை, போட்டோ எடுத்ததும் இறக்கிவிட்டார்கள். அந்தப் பக்கச் சரிவில் இறங்க இறங்கப் பூக்கள், மஞ்சளும் ஊதாவும், முழங்கால் உயரத்துக்கு, காட்சர் ஏரி வரைக்கும். ஏரிக்கரையில் பகர்வால் குடும்பங்களின் ஆட்டு மந்தைகள். கோடையில் மட்டும் மந்தையோடு மேலே வந்து தங்குகிறவர்கள். அவர்களைப் படமெடுக்கும் முன் கேளுங்கள் என்று கைடு சொன்னார், சரியான விஷயம்.

ஏரியைத் தாண்டி ராணுவச் சோதனை. எங்களை இருநூறு அடி தள்ளியே நிறுத்திவிட்டுக் கைடு மட்டும் பட்டியலோடு போனார், கேமராவும் போனும் பைக்குள். அவர் கையசைத்த பிறகு ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட நீளமான பதிவேடு, அதில் பெயர், ஊர், போன் நம்பர், அசல் ஆதார் அட்டையைக் கையில் வாங்கி முகத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். மரியாதையாகவே நடந்துகொண்டார்கள், ஆனால் நேரம் பிடிக்கும், வரிசையில் இன்னொரு குழு இருந்தால் இன்னும் அதிகம். சத்சர் பக்கமும் இதே சோதனை இன்னொரு முறை. போனில் இருக்கும் ஆதார் படத்தை நம்பிப் போகாதீர்கள். எங்கள் கைடு ஸ்ரீநகரில் வண்டி ஏறும்போதே ஒவ்வொருவர் கையிலும் அசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்றினார். பக்கத்தில் காத்திருந்த வேறொரு குழுவின் பட்டியலில் இரண்டு பெயர் விட்டுப்போயிருந்தது, அவர்கள் பாவம், நாங்கள் கிளம்பும்போதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். ட்ரோன் எடுத்துப் போகவே கூடாது. சாட்டிலைட் போன், கார்மின் இன்ரீச் மாதிரியான சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் கருவிகள் இந்தியாவில் எங்குமே அனுமதியில்லாமல் வைத்திருக்கக் கூடாது, எல்லைப் பக்கம் கேட்கவே வேண்டாம்.

போன் என்றதும் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் வாங்கிய ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் மட்டும்தான். சோனமார்க்கைத் தாண்டினால் அதற்கும் சிக்னல் இல்லை. வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், அம்மா அப்பா பயந்துவிடுவார்கள்.

சாப்பாடு நன்றாகவே இருந்தது. சாதம், பருப்பு, ராஜ்மா, சப்பாத்தி, சாயங்காலம் சூடாக சூப், ஒரு நாள் கஹ்வா என்கிற காஷ்மீர்த் தேநீர். 3,600 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, இவர்கள் பெரிய குக்கர்களைக் குதிரையில் ஏற்றி வந்திருந்தார்கள். சில குழுக்களில் பருப்பு கல்லு கல்லாகக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டேன், எனவே கேட்டுக்கொள்ளுங்கள். குறை என்றால் மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்கறி என்பது உருளைக்கிழங்கு மட்டும்தான்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். வாடகைக்குக் கொடுத்த மழைக்கோட்டு தையல் வழியாக ஒழுகியது, தோள் முழுக்க நனைந்துவிட்டது. இந்த உயரத்தில் நனைந்த உடம்போடு காற்றில் நடப்பது ஆபத்து, இதை அலுவலகத்தில் உட்கார்ந்து வாடகை வசூலிக்கிறவர்கள் உணர வேண்டும். எங்கள் டென்டின் ஜிப் பாதியில் நின்றுவிட்டது, ராத்திரி முழுக்கத் துண்டைச் சொருகி வைத்தோம். ஸ்லீப்பிங் பேக்கில் முந்தைய ஆளின் வாசனை போகவில்லை. முன்பதிவு செய்யும்போது சொன்ன ஆள் எண்ணிக்கையைவிட அதிகம் பேரைச் சேர்த்திருந்தார்கள், கழிவறை டென்டுக்கு முன்னால் தினமும் காலையில் வரிசை. கைடு இதற்காக வருந்தினார், ஆனால் அவர் கையில் எதுவுமில்லை. மழைக்கோட்டும் ஷூவும் சொந்தமாக வாங்கிக்கொண்டு போங்கள். ஷூவை ஊரிலேயே ஒரு மாதம் போட்டு நடந்து பழக்குங்கள்.

இந்த ட்ரெக்குக்கு ஆளுக்குப் பதினைந்திலிருந்து இருபதாயிரம் வரை கேட்கிறார்கள். விலை குறைவாக இருந்தால் எதை வெட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள், பெரும்பாலும் விஷன்சரில் வைக்கிற ஓய்வு நாளைத்தான் வெட்டுகிறார்கள். சமவெளியிலிருந்து போகிற நமக்கு அந்த நாள் கட்டாயம் வேண்டும். உடம்பு உயரத்துக்குப் பழகவும், மழை பெய்து கணவாய் ஏற முடியாமல் போனால் கைவசம் ஒரு நாள் இருக்கவும். ஆக்ஸிஜன் சிலிண்டர் கூடவே வருகிறதா, முடியாதவரை இறக்கிவிடத் தனியாக ஆள் உண்டா, பின்னால் ஒரு உதவியாளர் நடப்பாரா, இவற்றை எழுத்தில் வாங்குங்கள். குழுவில் ஒருவருக்காவது இந்தி தெரிந்தால் நல்லது, குதிரைக்காரர்கள் காஷ்மீரியும் கோஜ்ரியும்தான் பேசுவார்கள், இந்தி புரியும்.

நாரானாக் இறக்கத்தை யாரும் சரியாக எச்சரிப்பதில்லை. ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும், பைன் காட்டுக்குள் மண்ணும் வேரும், முட்டி கழன்றுவிடும். இரண்டு ஊன்றுகோலும் முட்டிக்கு உறையும் அவசியம். கீழே எட்டாம் நூற்றாண்டுக் கோயில் இடிபாடுகள் இருக்கின்றன, காஷ்மீர் மன்னர் லலிதாதித்யன் காலத்தவை என்கிறார்கள். வண்டியைக் கொஞ்சம் காக்க வைத்தாவது பாருங்கள்.

டிப்ஸ் கொடுப்பதானால் கைடு கையில் மொத்தமாகக் கொடுக்காமல் சமையல்காரர், குதிரைக்காரர்களுக்குத் தனித்தனியாகக் கொடுங்கள். எல்லாருக்கும் முன்னால் கிளம்பிப் போய் முகாம் போடுகிறவர்கள் அவர்கள்தான்.

கடைசியாக, இது எல்லைப் பகுதி. 2019 ஆகஸ்ட்டில் சுற்றுலாப் பயணிகளையெல்லாம் உடனே திரும்பச் சொன்னார்கள். 2025 ஏப்ரல் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பல இடங்களை மூடினார்கள். அதனால் ட்ரெக்குக்கு அந்தப் பருவத்தில் அனுமதி இருக்கிறதா, ரத்தானால் முழுப் பணமும் திரும்ப வருமா என்று கேட்டு எழுதி வாங்கிய பிறகு விமான டிக்கெட் போடுங்கள். அமர்நாத் யாத்திரை நடக்கும் வாரங்களில் பால்டால் போகிற வண்டிகளால் சோனமார்க் சாலையில் கெடுபிடி இருக்கும், அதற்கும் அரை நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அதே கைடு வருவார் என்றால் நான் இதே குழுவோடு மறுபடி போவேன், மழைக்கோட்டு மட்டும் என்னுடையது.