நாகர்கோவில் - சென்னை விமானப் பயணம்: மார்த்தாண்டத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

டிக்கெட் விலை கொஞ்சம் இறங்கினால் போதும், "சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம்தானே, விமானத்திலேயே போய்விடலாமா?" என்று யாராவது கேட்பார்கள். அந்த ஒன்றேகால் மணி நேரம் தொடங்குவது திருவனந்தபுரத்தில். குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது.

பறக்கும் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வான்வழித் தூரம் சுமார் 615 கி.மீ. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், சென்னைக்கு மேல் வட்டமடிப்பதும் அடக்கம். வானில் இருப்பது ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான்.

எரிச்சல் எல்லாம் அதற்கு முந்தைய 70 கி.மீ.யில். தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என்று ஒரு கடைத்தெரு முடியுமுன் அடுத்தது வந்துவிடும். மார்த்தாண்டம் மேம்பாலம் சந்திப்பைத் தாண்ட வைக்கும். இறங்குமிடத்தில் நெரிசல் காத்திருக்கும். விடிவதற்குள் புறப்பட்டால் ஒன்றரை மணி நேரம். பள்ளி, ஆபீஸ் நேரத்தில் மாட்டினால் இரண்டரை. எல்லை தாண்டியதும் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் பக்கம் போகாமல் காரோடு என்ற ஊரில் பைபாஸைப் பிடியுங்கள்; திருவல்லத்தில் சுங்கம் உண்டு. வாடகைக் காரென்றால் கேரள பெர்மிட் செலவு யார் தலையில் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். பெட்டி சிறியதானால் ரயிலில் தம்பானூர் (திருவனந்தபுரம் சென்ட்ரல்) போய் ஆட்டோ பிடிப்பதே நிம்மதி. டெர்மினல் எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒரு டெர்மினல் சங்குமுகம் பக்கம், இன்னொன்று சாக்கை பக்கம், நடுவில் ஓடுபாதை. மாறிப் போனால் சுற்றித்தான் வர வேண்டும்.

10 மணி விமானத்துக்கு லக்கேஜ் கவுண்டர் 9 மணிக்கு மூடும். எட்டேகாலுக்கு அங்கே இருக்க, ஐந்தே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். சென்னையில் பெட்டியை எடுத்து எழும்பூர் பக்கம் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை தாண்டும். ஆக, ஏழு மணி நேரம். வந்தே பாரத் ஏறக்குறைய 9 மணி நேரத்தில் எழும்பூரிலேயே இறக்கிவிடுகிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து மிச்சம் பிடிப்பது இரண்டு மணி நேரம்!

ஐப்பசி, பங்குனி ஆறாட்டு (சுவாமி கடலில் நீராடும் விழா) நாள்களில் பத்மநாபசுவாமி ஊர்வலம் திருவனந்தபுரம் ஓடுபாதையைக் கடந்து கடற்கரைக்குப் போகும். மாலையில் சுமார் ஐந்து மணி நேரம் விமானங்கள் நிற்கும். அதில் கோபமில்லை, முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். மார்த்தாண்டம் எதையும் அறிவிப்பதில்லை.

இன்னொரு வழி தூத்துக்குடி விமான நிலையம். அது இருக்கும் வாகைகுளம் நாகர்கோவிலிலிருந்து சுமார் 110 கி.மீ. ஆனால் ஆரல்வாய்மொழி தாண்டினால் நான்குவழிச் சாலை, நாங்குநேரியில் சுங்கம், இரண்டு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். பெரும்பாலும் சொன்ன நேரம் தவறாது. அங்கிருந்து சென்னை வான்வழியில் 530 கி.மீ.தான், ஆனாலும் பறக்கும் நேரம் குறையாது. பெரும்பாலும் ஏடிஆர் எனும் சிறிய புரொப்பெல்லர் விமானம், மணிக்கு 500 கி.மீ. வேகம், ஜெட் 800க்கு மேல். தலைக்கு மேலுள்ள பெட்டி வைக்குமிடமும் சின்னது. டிராலியை விமானத்தடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். 2025 ஜூலையில் திறந்த புது முனையம் விசாலம்.

ஆரல்வாய்மொழி, தோவாளைக்காரர்கள் யோசிக்காமல் வாகைகுளம் போகலாம். நாகர்கோவிலுக்கும் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனாலும் நான் திருவனந்தபுரத்துக்கே பதிவு செய்வேன். ஒரு விமானத்தை விட்டால் அன்றைக்கே இன்னொன்று கிடைக்க வாய்ப்பு அங்கேதான் அதிகம். அந்தச் சாலையில் போகிறவனுக்கு அது தேவைப்படும்.