12 நாளில் எவரெஸ்ட் அடிவார முகாம்: ஒரு மலையேற்றச் சேவை எப்படி இருந்தது?

ஆனைமுடியை அன்றாடம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு மலை விஷயத்தில் ஒரு மிதப்பு உண்டு. மூணாறில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் 26 ஆண்டுகள் வேலை பார்த்த நானும், ஜீப் ஓட்டும் என் மைத்துனரும், தேவிகுளத்தில் ஆசிரியராக இருக்கும் நண்பரும் சென்ற ஏப்ரலில் நேபாளம் புறப்பட்டபோது, மூச்சு வாங்குவதெல்லாம் சமவெளிக்காரர்களுக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தோம். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்; நடை தொடங்குகிற லுக்லாவோ 2,860 மீட்டர். எங்கள் ஊரின் உச்சந்தலை எட்டாத உயரத்தில்தான் அங்கே முதல் அடியையே எடுத்து வைக்கிறார்கள். மூணாறு நகரம் 1,500 மீட்டரைச் சற்றே தாண்டியது. அங்கே வாழ்ந்த பழக்கம் 5,000 மீட்டரில் செல்லாக்காசு.

நாங்கள் பதிவு செய்தது கொச்சியில் அலுவலகம் வைத்து, காத்மாண்டுவில் ஒரு கூட்டாளி நிறுவனத்தின் மூலம் ஆட்களை ஏற்பாடு செய்யும் ஒரு சேவையிடம். காத்மாண்டுவில் தொடங்கி அங்கேயே முடியும் 12 நாள் திட்டத்துக்கு ஒருவருக்கு 72,000 ரூபாய் வாங்கினார்கள். லுக்லா விமானம், அனுமதிச் சீட்டுகள், விடுதி, மூன்று வேளை உணவு, ஒரு வழிகாட்டி, இரண்டு போர்ட்டர்கள் எல்லாம் அதில் அடக்கம். நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. இதே நாள் கணக்கைப் பலரும் விற்கிறார்கள் என்பதால், பெயரைவிட அந்தக் கணக்கைச் சொல்வதுதான் படிப்பவர்களுக்கு உதவும்.

கொடுத்த பணத்துக்கு முழுமையாகக் கிடைத்தது வழிகாட்டிதான். தாமாங் இனத்தவர், நாற்பது வயதைக் கடந்தவர், எங்களோடு ஹிந்தியில் பேசினார். நேபாளியில் அண்ணனை அழைக்கும் சொல் நம் காதுக்கு ஏறத்தாழத் ‘தாய்’ என்றே விழுகிறது. முதல் நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த மைத்துனர், ஆறாம் நாள் இரவு சிரிக்காமலே அப்படிக் கூப்பிட்டார். லுக்லாவில் இறங்கியதும் எங்கள் பைகளை ஒவ்வொன்றாகக் கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தார். கொழுந்து நிறுக்குமிடத்தில் ஈரத்துக்குக் கிலோ கழிக்கும் கணக்கப்பிள்ளையின் அதே முகம். நேபாளத்தில் ஒரு போர்ட்டர் தூக்கும் சுமைக்கு 30 கிலோ என்ற வரம்பு இருக்கிறது. எங்கள் மூன்று பைகளும் சேர்ந்தே 38 கிலோதான், அதுவும் இருவருக்குப் பிரிந்துவிடும். அப்படியிருந்தும் மைத்துனரின் பையிலிருந்து இரண்டு கிலோ நேந்திரங்காய் வறுவலை வெளியே எடுத்து, தின்பவரே சுமக்கட்டும் என்று அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். போர்ட்டர்கள் இருவருக்கும் சரியான காலணியும் குளிருடையும் இருந்தன. இதைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம், வழியில் மெல்லிய செருப்போடு சுமை தூக்கிச் சென்றவர்களையும் பார்த்தோம்.

இனி நாள் கணக்கு. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. வழக்கமான திட்டங்களில் நாம்சே பஜாரில் ஒரு நாளும் டிங்போச்சேயில் ஒரு நாளும் இதற்காகவே ஒதுக்கப்படுகின்றன. எங்கள் திட்டத்தில் நாம்சே நாள் இருந்தது. டிங்போச்சே நாள் இல்லை. நாம்சே 3,440, தெங்போச்சே 3,860, டிங்போச்சே 4,410, லோபுச்சே 4,940 என்று அடுத்தடுத்து மூன்று ஏற்றங்கள். அவற்றில் இரண்டு 500-ஐத் தாண்டுகின்றன. கொச்சியில் பதிவு செய்தபோது இந்த நான்கு எண்களும் அச்சிட்ட தாளிலேயே இருந்தன. கழித்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒவ்வொரு மாலையும் உணவுக்கூடத்தின் நடுவிலுள்ள அடுப்பைச் சுற்றி உட்காரும்போது வழிகாட்டி, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை எங்கள் விரலில் மாட்டி, வரும் எண்ணை ஒரு சிறிய நோட்டில் குறித்துக்கொள்வார். அந்த அடுப்பில் எரிவது யாக் மாட்டின் சாணம். நம் ஊர் வரட்டியைப் போலவே தட்டி, சுவரில் ஒட்டிக் காயவைத்தது. டிங்போச்சேயில் எனக்கு 85, ஆசிரியருக்கு 87, மைத்துனருக்கு 74. விரலைத் தேய்த்துச் சூடேற்றி மறுபடி பார்த்தார், 75. இரவு உணவைத் தொடாமல் எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு வந்த மைத்துனர், “அத்தான், தலைக்குள்ள உரலைப் போட்டு இடிக்கிறாப்ல இருக்கு” என்றார். ஆண்டு முழுவதும் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் ஓட்டுகிறவர் சொல்லும் வார்த்தை அது.

வழிகாட்டி அன்றிரவே அலுவலகத்துக்குப் பேசினார். லோபுச்சேயில் அறை பதிவாகிவிட்டது, உயரத்துக்கு உடல் பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை கொடுத்து மெதுவாக அழைத்துப் போகலாம் என்று எதிர்முனையில் சொன்னது எங்களுக்கும் கேட்டது. அறை நாளைக்கும் அங்கேதான் இருக்கும் என்று மட்டும் பதில் சொல்லி அவர் போனை வைத்தார். மறுநாள் ஒரு மேட்டைத் தாண்டிக் கீழே இருக்கும் பெரிச்சேயில், இமாலய மீட்புச் சங்கம் 1973 முதல் நடத்திவரும் மருத்துவமனைக்கு மைத்துனரைக் கூட்டிப்போனார். தொடக்கநிலை உயர நோய்தான், தலைவலி முற்றிலும் விடும்வரை ஒரு மீட்டர்கூட ஏறக் கூடாது என்றார் மருத்துவர். அதற்கடுத்த நாள் காலை நோட்டில் 83 என்று எழுதப்பட்டது, தலைவலியும் இல்லை. திட்டத்தில் இல்லாத அந்த ஒரு நாளை வழிகாட்டி தன் பொறுப்பில் எடுத்துக் கொடுத்திராவிட்டால் எங்களில் ஒருவர் ஹெலிகாப்டரில்தான் இறங்கியிருப்பார். 6,000 மீட்டர் வரை ஹெலிகாப்டர் மீட்புக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்தால்தான் அழைத்துச் செல்வோம் என்று நிறுவனம் முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தது என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும்.

உணவில் குறையில்லை. சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, ஊறுகாய் கொண்ட தால்பாத்தை எத்தனை முறை கேட்டாலும் மறுபடி பரிமாறினார்கள். இறைச்சி வேண்டாம் என்பதே வழிகாட்டியின் அறிவுரை; எவரெஸ்ட் அமைந்த கும்பு பகுதியில் உயிர்வதை கூடாது என்பதால் அது கீழிருந்து நாள்கணக்கில் சுமந்து கொண்டுவரப்படுகிறது. தேநீர்தான் எனக்குத் தனிப்பட்ட ஏமாற்றம். கால் கிலோ டஸ்ட் தேயிலையைக் கையோடு கொண்டுபோய், 5,164 மீட்டரிலுள்ள கோரக்ஷேப்பில் விடுதிக்காரம்மாவிடம் கொடுத்தேன். அங்கே தண்ணீர் 83 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. தூள் மிதந்ததே தவிர, சாறு இறங்கவில்லை. பருப்பைக் குக்கரில் வைப்பதால் தால்பாத் தப்பித்தது.

விளம்பரத் தாளில் ‘அடிவார முகாம்’ என்ற எழுத்துக்குப் பின்னால் எவரெஸ்ட் சிகரம் முழுதாக நிற்கும் படம் போட்டிருந்தார்கள். 5,364 மீட்டரிலுள்ள முகாமிலிருந்து சிகரம் தெரியாது. அதன் மேற்குத் தோள் மறைத்துவிடுகிறது. அந்தப் படம் கோரக்ஷேப்புக்கு மேலே இருக்கும் காலா பத்தர் என்ற மேட்டிலிருந்து எடுத்தது. முகாமில் தெரிவது கும்பு பனியாறு செங்குத்தாக இறங்கும் பனியருவியின் நீலமும், ஏப்ரல் மாதமானால் மஞ்சள் கூடாரங்களும். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது என்றாலும், வாழ்நாளில் ஒருமுறை போகிறவரிடம் படத்தை மாற்றிக் காட்டுவது முறையல்ல. தெங்போச்சேக்கு ஏறும் வழியெல்லாம் காட்டுப்பூவரசு சிவப்பாகப் பூத்திருந்தது, மீசப்புலிமலையில் நாங்கள் பார்த்துப் பழகிய அதே மரம். அதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வரிகூட இல்லை.

சில்லறைக் குறைகளும் உண்டு. காத்மாண்டுவிலிருந்து லுக்லா அரை மணி நேர விமானம் என்றார்கள். கூட்டம் மிகுந்த மாதங்களில் அந்த விமானங்கள் ராமேச்சாப்பின் மன்தலியிலிருந்து கிளம்புவதால், நள்ளிரவு ஒரு மணிக்கு எழுப்பி, நான்கு மணி நேரத்துக்கும் மேல் வேனில் அழைத்துச் சென்றார்கள். ஆதார் அட்டை போதும் என்று முதலில் சொல்லி, புறப்பட ஒரு வாரம் இருக்கையில் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும் என்று மாற்றினார்கள். வாடகைக்குத் தந்த ஸ்லீப்பிங் பேக் ஒன்றின் சிப் பாதியில் பல் விட்டு, ஆசிரியர் ஐந்து இரவுகள் அதைக் கயிற்றால் கட்டிக்கொண்டு படுத்தார். சாகர்மாதா தேசியப் பூங்காவுக்குச் சார்க் நாட்டவர் செலுத்துவது வரி நீங்கலாக 1,500 நேபாள ரூபாய். எங்கள் கணக்கில் மற்ற வெளிநாட்டவருக்கான 3,000 எழுதப்பட்டிருந்தது. கேட்டதும் மன்னிப்புக் கேட்டுத் திருப்பித் தந்தார்கள்.

திரும்பும்போது லுக்லாவில் மேகம் இறங்கி ஒரு நாள் விமானமே வரவில்லை. காத்மாண்டுவில் நாங்களாகக் கையிருப்பாக வைத்திருந்த நாளை டிங்போச்சேயில் செலவழித்துவிட்டதால், டெல்லி விமானத்தைத் தவறவிட்டு, சீட்டு மாற்ற ஆளுக்கு 4,200 ரூபாய் கட்டினோம். இவ்வளவுக்கும் அதே நிறுவனத்திடம் டிங்போச்சே ஓய்வோடும் ஒரு கையிருப்பு நாளோடும் 14 நாள் திட்டம் ஒன்று 8,000 ரூபாய் கூடுதலுக்கு இருந்தது என்பது ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. பதிவு செய்தவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. 14 நாள் திட்டத்தையும் அதே வழிகாட்டியையும் பெயர் சொல்லிக் கேட்டு, இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள முடிந்தால் இவர்களிடம் போகலாம். 12 நாளுக்கு எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம். டிங்போச்சேயின் கூடுதல் இரவுக்கு அறை வாடகை கேட்டு வந்த பில்லுக்கு, நடந்ததை முழுதாக எழுதிப் பதில் அனுப்பியிருக்கிறேன். சிப் போன ஸ்லீப்பிங் பேக்கின் வாடகையைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். இதை எழுதும் வரை வந்து சேரவில்லை.