டிஓஏஜே: மூன்று நூலக மேசைகளிலிருந்து

போன பெரும்போகத்தில், இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிற குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி நெல்லில் வரும் எரிபந்த நோய் பற்றிக் கட்டுரை தேடி வந்தா. எங்கள் நூலகத்தின் இணையப் பட்டியலில் இலவசம் என்று போட்டிருந்த ஆய்விதழைத் திறந்தால் கட்டுரையே இல்லை, வெறும் விளம்பரம். மின்னஞ்சலில் வந்த ஒரு பட்டியலை அவசரத்தில் அப்படியே ஏற்றியிருந்தோம். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் கொப்பியை மூடினா. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதன்பிறகு டிஓஏஜே (DOAJ), அதாவது இலவசமாக வாசிக்கக்கூடிய ஆய்விதழ்களின் இணைய அடைவைப் பார்க்காமல் நாங்கள் ஒன்றையும் சேர்ப்பதில்லை. 2003இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 300 இதழ்களோடு தொடங்கிய அடைவு இது. இன்று 20,000ஐத் தாண்டிவிட்டது. ஆனால் என் நம்பிக்கை அந்த எண்ணிக்கையில் இல்லை. 2016இல், இறுக்கிய விதிகளின்படி மறுபடி விண்ணப்பிக்காத 3,000க்கு மேற்பட்ட இதழ்களை ஒரேயடியாக நீக்கினார்கள். சேர்க்க எல்லோருக்கும் ஆசை, நீக்கத்தான் துணிவு வேணும்.

அந்த அடைவில் ஓர் இதழின் பக்கத்தைத் திறந்தால் உரிமம், எழுதுபவர் கட்டவேண்டிய பணம், கட்டுரை வெளிவர எடுக்கும் வாரங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். வவுனியா அக்கா, யாழ்ப்பாணத்துத் தம்பி, நான் மூவரும் ஒரு கூகுள் தாளில் வேலை செய்கிறோம். ஒருவர் இதழைப் போட்டால், மற்ற இருவரும் கடைசி இதழ் எப்போது வந்தது, ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையில் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறார்களா என்று பார்ப்போம். மூன்று பெட்டியும் பச்சையானால்தான் பட்டியலில் ஏறும். அக்கா ஆசிரியர்களின் பெயரை ஒவ்வொன்றாகத் தேடுவா. அவவின் பொறுமை எனக்கு இல்லை.

குறையும் உண்டு. தமிழில் தேடினால் மிகச் சொற்பம்தான் கிடைக்கும். அதற்கு ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ (noolaham.org) இணையத்தளத்துக்குத்தான் போகவேணும். இலங்கை ஆய்விதழ்கள் பலவும் டிஓஏஜேயில் இல்லை. இல்லாததெல்லாம் போலி என்று பிள்ளைகள் நினைத்துவிடக்கூடாது. அவற்றுக்கு 2008 முதல் இருக்கிற இலங்கை ஆய்விதழ்த் தளத்தை, எஸ்எல்ஜேஓஎல்லை, தனியாகப் பார்க்கிறோம்.

நெல் நோய்களுக்கென்று போன கிழமை ஓர் இதழைப் போட்டேன். அக்கா பச்சை போட்டுவிட்டா. தம்பியின் பெட்டி இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. அந்தப் பிள்ளையின் இலக்கத்தை எழுதி வைத்திருக்கிறேன்.