சோடியம் லைற்றும் அதைத் தொங்கவிட்ட கயிறும்: கறிவேப்பிலைக்காரன் அனுபவம்

வீட்டுக்குள்ளே செடி வளர்க்கப் போடும் பழைய சோடியம் லைற் செற்றுகள் இப்போது கிஜிஜி விளம்பரத் தளத்தில் அடிமாட்டு விலைக்குப் போகின்றன. 2018இல் கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானதும் வீட்டுக்கு நாலு செடி வளர்க்கலாம் என்று உற்சாகமாக இறங்கியவர்களில் பலருக்கு அலுத்துவிட்டது போலிருக்கிறது. அலுக்காதவர்கள் எல்ஈடிக்கு மாறிவிட்டார்கள். 400 வாற் பலாஸ்ற் (பல்ப்புக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி), பல்ப், அதற்கு மேலே கவிழ்க்கும் அலுமினிய மூடி, தொங்கவிடும் கயிறு எல்லாம் சேர்த்து, குடும்பமாக வெளியே போய் ஒருநேரம் சாப்பிடும் காசுக்கு வாங்கலாம். அதைப் பார்த்துவிட்டு சிநேகிதன் ஒருத்தன் போன் எடுத்தான். "மச்சான், உதைத்தானே நீ கனகாலமாக வைச்சிருக்கிறாய். கறிவேப்பிலைக்கு வாங்கட்டோ?" நான் சொன்ன பதில் நீண்டு, அவன் வேலைக்குப் போக வேண்டும் என்று வைத்துவிட்டான். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

எத்தனை லூமன், பல்ப் எத்தனை மணித்தியாலம் எரியும் என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும். அதை விட்டுவிடலாம். லைற் நல்ல லைற். ரொறன்ரோவில் டிசம்பர் கடைசியில் பகல் ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை. ஹோல் யன்னலோரம் வைத்த கறிவேப்பிலை தைப்பொங்கலுக்கு வெறும் தடியாக நிற்கும். ஸ்காபரோவில் மரம் வைத்திருக்கிற வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், எல்லாரும் ஒரே கதைதான் சொல்வார்கள். பேஸ்மென்றில் ஒரு சின்ன அறைக்குள், இந்த லைற்றுக்குக் கீழே வந்த பிறகு என் மரம் மாசி மாதத்திலும் குருத்து விடுகிறது. ரசம் அடுப்பில் கொதிக்கும்போது கீழே இறங்கிப் போய் ஒரு நெட்டுப் பறித்து வருவதில் இருக்கிற பெருமையைச் சொன்னால் வெட்கம்.

நான் எதிர்பாராத நன்மை ஒன்று உண்டு: சூடு. 400 வாற் பல்ப்புக்குப் பலாஸ்றையும் சேர்த்தால் 450 வாற் அளவில் இழுக்கும். அவ்வளவும் கடைசியில் சூடாகத்தான் அந்தச் சின்ன அறையில் தங்கும். பேஸ்மென்ற் சீமெந்துத் தரை பனிக்காலத்தில் எப்படிக் குளிர்ந்து கிடக்கும் என்று வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தெரியும். கறிவேப்பிலைக்கு வேர் குளிர்ந்தால் மேலே எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும் தூக்கம்தான். ஒரு பனிக்காலம் எல்ஈடி ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். இலை பச்சையாக நின்றது, புதுக்குருத்து ஒன்றும் இல்லை. கரண்டை வீணாக்குகிற லைற் என்று எல்லாரும் திட்டுகிற சோடியம், என் மரத்துக்கு அந்த வீண் சூட்டைத்தான் சாப்பாடாகப் போடுகிறது.

குறை என்றால், அந்த மஞ்சள். அறைக்குள் போனால் பச்சை இலையும் பழுத்த இலையும் ஒரே நிறம். தண்டில் செதில்பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வெள்ளை ரோர்ச் வேண்டும். பேஸ்மென்ற் யன்னலால் வெளியே வழிகிற வெளிச்சத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருமாதிரிச் சிரிப்பார். லைற் வாங்கிய கடையில் நின்ற பெடியன்கூட எந்த இனம் வளர்க்கிறீர்கள் என்றுதான் கேட்டான். கறிவேப்பிலை என்றேன். அப்படி ஒரு கஞ்சா வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் என்பது என் ஊகம். சரி, இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்.

சிரிக்க முடியாதது செற்றோடு வந்த ராச்செற் கயிறு.

ஏன் கயிற்றில் இவ்வளவு நிற்கிறேன் என்றால், பேஸ்மென்றில் உயரம்தான் பிரச்சினை. என் வீட்டில் சீலிங் ஏழடி. தொட்டி ஓரடி, மரம் நாலடி. பல்ப்புக்கும் உச்சி இலைக்கும் இடையில் ஓரடிக்குக் குறையாமல் விட வேண்டும். புறங்கையை இலை மட்டத்தில் கொஞ்ச நேரம் பிடித்தால் சுடக்கூடாது, அதுதான் கணக்கு. மிச்சம் இருக்கிற ஓரடிக்குள் மூடி, கயிறு, கொளுக்கி எல்லாம் அடங்க வேண்டும். மரமோ சும்மா இராது, வளரும். அதனால் லைற்றை அடிக்கடி ஏற்ற வேண்டும். அதற்காகத்தான் ராச்செற்: கயிற்றை இழுத்தால் லைற் ஏறும், சின்ன நாக்கை அமத்தினால் இறங்கும். ஒரு கையால் செய்யலாம். வாங்கிய புதிதில் அதைத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஜனவரி இரவு. கரண்ட் காசை மிச்சம் பிடிக்க, இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணி வரை மலிவாகக் கிடைக்கும் ஒன்ராறியோ கட்டணத்துக்கு மாறியிருந்தோம். அதனால் லைற்றின் பெரும்பகுதி நேரம் நாங்கள் படுத்திருக்கும் நேரம். பதினொன்றரை போல மனிசி எழும்பி, "இந்த நேரத்தில ஆர் தாளிக்கிறது?" என்று கேட்டா. உண்மையாகவே வீடு முழுக்கத் தாளித்த வாசம். பேஸ்மென்ற் காற்றை வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் இழுத்துப் படுக்கையறைகளுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறது. இறங்கிப் போய்ப் பார்த்தால், ஒரு பக்கத்து ராச்செற் வழுக்கி, மூடி சரிந்து, பல்ப்பின் நுனி உச்சிக் கொப்புக்குள் இறங்கி நிற்கிறது. தொட்ட இலைகள் கரிக்கட்டை. சுற்றி நின்றவை எண்ணெயில் போட்டெடுத்த மாதிரி மொறுமொறு. நல்லகாலம், கறிவேப்பிலை பச்சையாக இருந்தது. அந்த இடத்தில் ஒரு காய்ந்த சருகோ துணியோ இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுத வேண்டியிருந்திருக்கும்.

லைற்றை நிற்பாட்டி, ஆறவிட்டு, அடுத்த நாள் ராச்செற்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளே பிளாஸ்ரிக் பற்சக்கரம். ஒரு பக்கத்துப் பற்கள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. சக்கரம் அச்சில் கொஞ்சம் சாய்ந்தும் போயிருந்தது. வெளியே ஒட்டியிருந்த ஸ்ரிக்கரில் சோடிக்கு 150 இறாத்தல் தாங்கும் என்று பெருமையாக அச்சடித்திருக்கிறார்கள். 68 கிலோ! என் மூடியும் பல்ப்பும் சேர்ந்து மூன்று கிலோ வந்தால் அதிகம். பாரம் தாங்கும் என்பதை யார் கேட்டது? எவ்வளவு சூடு தாங்கும் என்று ஒரு வரி இல்லை. சோடியம் பல்ப்பின் வெளிக்கண்ணாடியே சில நூறு டிகிரி வரும். கயிறு பொலிப்புறொப்பிலின்; அது 160 டிகிரி அளவில் உருகிவிடும், இளகத் தொடங்குவது அதற்கு எவ்வளவோ முன்னால். இதில் உச்சம் என்னவென்றால், கை எட்டும் வசதிக்காக ராச்செற்றின் பிளாஸ்ரிக் உடம்பு கீழ்ப்பக்கமாக, சுடுகிற மூடிக்குக் கிட்ட வரும்படி தொங்கவிடச் சொல்லிப் படம் போட்டிருக்கிறார்கள். இழுத்து மிஞ்சிய கயிற்று வால் எங்கே போகும்? நேரே மூடியின் மேலே.

விற்றவர்களுக்கு எழுதினேன். அனுமதித்த பாரத்துக்கு மேல் தொங்கவிட்டீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்று படத்தோடு அனுப்பினேன். மன்னிப்புக் கேட்டு, புதுச் சோடி ஒன்று இலவசமாக அனுப்பினார்கள். அதே கயிறு, அதே பிளாஸ்ரிக் சக்கரம், அதே 150 இறாத்தல்.

நியாயமாகச் சொன்னால், ராச்செற்றே கூடாத சாமான் என்பதில்லை. எல்ஈடி பலகைக்குத் தாராளமாகப் போடலாம், அது அவ்வளவு சுடாது. என் காற்றுக்குழாய் ஃபானை அதே மாதிரி ஒன்றில்தான் தொங்கவிட்டிருக்கிறேன், இன்றுவரை அசையவில்லை. சூடான லைற்றுக்கு அதைக் கட்டிக் கொடுத்து விற்றவனில்தான் எனக்குக் கோபம்.

இப்போது எப்படித் தொங்குகிறது என்று சொல்கிறேன், சிநேகிதன் போனில் கேட்காமல் வைத்தது இந்தப் பகுதியைத்தான். சீலிங்கில் அடித்திருக்கும் டிரைவோல் என்ற ஜிப்சம் பலகையில் பிளாஸ்ரிக் ஆங்கர் அடித்துத் தலைக்கு மேலே எதையும் தொங்கவிடக்கூடாது. அட்டைபோட்ட தொங்கு சீலிங்கின் தகரச் சட்டத்திலும் கூடாது, அதுவே மெல்லிய கம்பியில் தொங்குகிறது. பாரம் போக வேண்டிய இடம் சீலிங்குக்கு மேலே ஓடும் ஜொயிஸ்ற் மரம். அதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம், பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் போதும். சீலிங்கில் மெதுவாக இழுத்துக்கொண்டு போனால் டிரைவோல் ஸ்குறூ உள்ள இடத்தில் பிடிக்கும். ஸ்குறூ இருக்கும் இடத்தில் மரம் இருக்கும். ஒரு மரத்திலிருந்து அடுத்தது வழமையாக 16 அங்குலம். மூடியின் துளைகள் அந்த இடைவெளிக்குச் சரிவராது என்பதால், இரண்டுக்கு நாலு மரச்சட்டம் ஒன்றை ஜொயிஸ்றுகளுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நீள ஸ்குறூ வைத்து முடுக்கினேன். கொளுக்கி போவது அந்தச் சட்டத்தில். முதலில் சின்ன ஓட்டை போட்டுவிட்டுத்தான் திருக வேண்டும், இல்லாவிட்டால் மரம் பிளக்கும். வாய் திறந்த கொளுக்கி வேண்டாம். லைற்றை ஏற்றும்போது சங்கிலி துள்ளிக் கழன்றுவிடும். மூடிய வளையம்தான் சரி.

வளையத்திலிருந்து மூடி வரை இரும்புச் சங்கிலி. சங்கிலி உருகாது, வழுக்காது, ஆனால் எரிச்சல். ஒரு கண்ணி ஏற்றினால் மறுபக்கமும் ஒரு கண்ணி ஏற்ற வேண்டும், ஏணியில் நின்று, லைற் ஆறும்வரை காத்திருந்து. அந்த எரிச்சல் தாங்காமல், இரும்புப் பற்சக்கரம் உள்ள ராச்செற் சோடி ஒன்று தனியாக வாங்கி, அதைச் சீலிங் பக்கமாக ஓரமாய் வைத்து, கீழ்ப்பகுதியைச் சங்கிலியாக விட்டேன். அதனால் கயிறு எதுவும் மூடிக்குக் கிட்ட வருவதில்லை. வாலைச் சுருட்டி மேலேயே கட்டியாயிற்று. இதற்கெல்லாம் மேலதிகமாக, மூடியிலிருந்து வேறொரு வளையத்துக்குத் தனியாக ஒரு இரும்புக் கம்பிக் கயிறு. நாடக மேடைகளில் ஒவ்வொரு விளக்குக்கும் இப்படி ஒரு காவல் கம்பி போடுவார்கள். சாதாரண நேரத்தில் அது பாரம் தாங்காமல் தொய்வாக இருக்கும். தொய்வு எவ்வளவு என்பதில்தான் விஷயம்: மற்றதெல்லாம் அறுந்தாலும் பல்ப் உச்சி இலைக்கு மேலே நிற்க வேண்டும். ஆகவே மரம் வளர வளர அதையும் சுருக்க வேண்டும்.

வயர் விஷயம் சுருக்கமாக. லைற்றின் பாரம் ஒருபோதும் வயரில் வரக்கூடாது. சங்கிலியோடு தளர்வாகக் கட்டி விடுங்கள். பிளக்குக்குப் போகுமுன் வயர் கீழே ஒரு வளைவு வளைந்து ஏற வேண்டும், வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. பலாஸ்ற் தரையில் வேண்டாம், தொட்டியில் ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகும் என்று யோசியுங்கள். நான் சுவரில் ஒரு இரும்புத் தட்டில் ஏற்றிவிட்டேன், அது அங்கே இருந்து ஊம் என்று பாடும். எரிகிற பல்ப்புக்குக் கிட்டத் தண்ணீர் தெளிக்கவே கூடாது, கண்ணாடி வெடிக்கும். அப்புறம், அதே 15 அம்பியர் பிரேக்கரில் 1500 வாற் ஹீற்றர் செருகினால் இரண்டும் சேர்ந்து 16 அம்பியர் தாண்டும். இருட்டில் பிரேக்கர் பெட்டி தேட வேண்டி வரும். செகண்ட்ஹாண்டில் வாங்குகிறவர்கள் பலாஸ்றின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிஎஸ்ஏ மாதிரி கனடிய அங்கீகார முத்திரை இல்லாவிட்டால் விலை எவ்வளவு என்று கேட்கவே வேண்டாம்.

புள்ளி போடச் சொன்னால் லைற்றுக்கு ஐந்துக்கு நாலரை, கயிற்றுக்குப் பூச்சியம். அப்படியானால் வாங்கலாமா? வேண்டாம். சங்கிலி, வளையம், கம்பிக் கயிறு, இரும்பு ராச்செற், சட்டம் எல்லாம் வாங்கி முடிய, மலிவு லைற்றின் விலையில் பாதிக்கு மேல் போய்விடும். அதற்குப் பிறகும் இரவில் ஒருக்கால் எழும்பி, கதவடியில் நின்று மூடி மட்டமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். நான் இன்னும் பார்க்கிறேன். சிநேகிதன் எல்ஈடி ஒன்று வாங்கி, தொட்டிக்குக் கீழே முளைநாற்றுச் சூட்டுப்பாய் ஒன்று போடட்டும், வேரும் குளிராது. தொங்கவிடுவதற்கு அந்த இலவச ராச்செற் சோடி என்னிடம் பிரிக்காமல் கிடக்கிறது, எல்ஈடிக்கு என்றால் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். என் சோடியம் லைற்றை என்ன விலைக்குத் தருவாய் என்று மட்டும் கேட்க வேண்டாம், அது விற்பனைக்கு இல்லை.